நஞ்சறிந்த மருத்துவர் பேட்ரிக் ரஸ்ஸல்

பெரியாறு – வைகைப் பாசனத்தில் நெல் விளையும் சோழவந்தான், மேலூர் வயல்களிலும், திருமங்கலத்தை ஒட்டிய கரிசல் நிலங்களிலும் வேலை செய்வோர் வைக்கோற்போரில் கைவைக்குமுன் ஒருமுறை தட்டிப் பார்ப்பது வழக்கம். எலிகளைத் தேடி வரும் கண்ணாடி விரியன் அங்கே சுருண்டு கிடக்கக்கூடும். பருத்த உடலும், முதுகில் சங்கிலிபோல் தொடரும் நீள்வட்டப் புள்ளிகளும் உடைய இப்பாம்பை மலைப்பாம்பின் குட்டியென்று எண்ணி நெருங்கி ஏமாந்தவர் பலர். உரத்த சீறலால் எச்சரிக்கும் இயல்பு இதற்கு உண்டு. எனினும் அந்தி இருளில் வெறுங்காலோடு வரப்பில் நடப்பவர்க்கு அவ்வெச்சரிக்கை எப்போதும் உதவுவதில்லை.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரையிலான இருபதாண்டுகளில் ஏறத்தாழ 12 இலட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர், பாம்புக்கடியால் மாண்டிருக்கலாம் என ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர். இறந்தோரில் பெரும்பாலோர் சிற்றூரினர். உழுதும் அறுத்தும் வாழ்வோர். அவ்விறப்புகளில் பெரும்பங்கு கண்ணாடி விரியனால் நேர்ந்தது. உயிரியலார் இப்பாம்பை டபோயா ரஸ்ஸெலியை என்று அழைக்கின்றனர். அப்பெயரின் பின்பாதியில் வாழ்பவர், இந்தியப் பாம்பியலின் தந்தை எனப் போற்றப்படும் ஸ்காட்லாந்து மருத்துவர் பேட்ரிக் ரஸ்ஸல்.

எடின்பரோவிலிருந்து அலெப்போ வரை

பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எடின்பரோ நகரில், வழக்குரைஞர் ஜான் ரஸ்ஸலின் மகனாகப் பேட்ரிக் பிறந்தார். எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கற்றுத் தேர்ந்தபின், 1750ஆம் ஆண்டில் சிரியாவின் அலெப்போ நகருக்குச் சென்றார். அங்கே ஆங்கில வணிகர்களின் மருத்துவராக அவருடைய தமையன் அலெக்சாண்டர் பணியாற்றிவந்தார். 1753இல் அலெக்சாண்டர் தாயகம் திரும்பவே, அப்பொறுப்பு தம்பியிடம் வந்தது.

அலெப்போ அக்காலத்தில் ஒட்டகச் சாத்துகள் வந்து கூடும் பெருநகரம். வணிகச் சரக்குகளோடு நோய்களும் அங்கு வந்திறங்கின. 1760 முதல் 1762 வரை கொள்ளைநோய் அந்நகரை மீண்டும் மீண்டும் தாக்கியது. இயன்றவர்கள் கதவடைத்துக் கொண்டனர். சிலர் ஊரைவிட்டு அகன்றனர். ரஸ்ஸல் நோயாளரைப் பார்ப்பதை நிறுத்தவில்லை. எந்தத் தெருவில் நோய் தொடங்கியது, எந்த நாளில் கட்டி தோன்றியது, யார் பிழைத்தார், யார் இறந்தார் என்று ஒவ்வொன்றையும் குறித்து வைத்தார். அக்குறிப்புகளே 1791இல் கொள்ளைநோய் பற்றிய பெருநூலாக வெளிவந்தன. நகரின் ஆளுநரான பாஷா அவருக்குத் தலைப்பாகை அணியும் சிறப்புரிமையை வழங்கினார் என்பதிலிருந்து அவர் பெற்றிருந்த மதிப்பை உணரலாம்.

அவரிடம் குறிப்பிடத்தக்க பண்பு மற்றொன்றும் இருந்தது. பாலைவன அரபு மக்கள் அம்மைக்குத் தடுப்பாக அம்மைப்பாலையே குத்திக்கொள்ளும் வழக்கம் உடையவர்கள் என்று அறிந்தபோது, அதை நாட்டுப்புறத்தாரின் அறியாமை என ஒதுக்கவில்லை. ஊர்ப் பெரியவர்களிடமும் வணிகர்களிடமும் கேட்டுத் திரட்டி, 1768இல் இலண்டன் அரச கழகத்திற்கு அதுபற்றி எழுதினார். ஊரார் அறிவைக் கேட்டறிதல், கேட்டதைச் சோதித்தல் என்னும் இவ்விரண்டு பழக்கங்களும் பின்னாளில் இந்தியாவில் அவருக்குப் பெரிதும் துணைநின்றன.

சோழமண்டலக் கரையில்

1777இல் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ரஸ்ஸல், இலண்டனிலேயே அமைதியாக மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் 1781இல், கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலராக விசாகப்பட்டினத்திற்குச் சென்ற தம்பி கிளாடுடன் அவரும் கப்பலேறினார். அப்போது அவர் ஐம்பது வயதைக் கடந்திருந்தார். பலரும் ஓய்வை எண்ணும் அகவையில், முன்பின் அறியாத நாட்டின் செடிகளையும் மீன்களையும் பாம்புகளையும் கற்கத் தொடங்கினார்.

அந்நாளில் சென்னை அரசின் இயற்கையியல் அறிஞராக விளங்கியவர் யொகான் கெரார்டு கோனிக். தரங்கம்பாடியில் டேனிய மிஷனின் மருத்துவராக வந்து, தமிழகத்துத் தாவரங்களை ஆராய்ந்து, ஆர்க்காட்டு நவாபிடமும் பின்னர்க் கம்பெனியிடமும் பணிபுரிந்த அவர் 1785இல் மறைந்தார். அப்பொறுப்பு ரஸ்ஸலிடம் ஒப்படைக்கப்பட்டது. பணியேற்றதும், கம்பெனியின் மருத்துவர்கள் ஆங்காங்கே காணும் பயனுள்ள தாவரங்களைத் திரட்டிப் படங்களுடன் நூலாக்க வேண்டும் என்று அரசுக்கு அவர் முன்மொழிந்தார். வில்லியம் ராக்ஸ்பரோவின் புகழ்பெற்ற சோழமண்டலத் தாவர நூல் உருவானது அவ்வழியிலேயாகும். சித்த மருத்துவத்தில் வழங்கும் மூங்கிலுப்பைப் பற்றியும் 1790இல் ரஸ்ஸல் அரச கழகத்திற்குக் கட்டுரை எழுதினார்.

ஆயினும் அவரை ஆட்கொண்டது பாம்புக்கடியே. கடியுண்டவர்களைத் தூக்கிக்கொண்டு மக்கள் வருவர். எந்தப் பாம்பு கடித்தது என்று பலருக்கும் தெரிவதில்லை. இந்நாட்டுப் பாம்புகளில் நஞ்சுடையவை சிலவே, நஞ்சற்றவை பல. இரண்டையும் பிரித்தறிய எளிய வழி இருந்தால் வீண் அச்சத்தால் துன்புறுவோரைத் தேற்றலாம். உண்மையான இடரில் இருப்போருக்கு விரைந்து உதவலாம். ஆகவே, யார் வேண்டுமானாலும் வெளியே பார்த்துக் கண்டுகொள்ளத்தக்க ஓர் அடையாளத்தை அவர் தேடினார்.

லின்னேயஸ் வகுத்த முறைப்படி வயிற்றுச் செதில்களையும் வாலடிச் செதில்களையும் எண்ணினார். நிறம், தலையின் வடிவம், உடலின் பருமன் ஆகியவற்றை ஒப்பிட்டார். எல்லாப் பாம்புகளுக்கும் பொருந்தும் ஒரே புற அடையாளம் அகப்படவில்லை. வாயைத் திறந்து மேல்தாடையில் நச்சுப்பல் உண்டா என்று பார்ப்பதே ஐயமற்ற வழியாக எஞ்சியது. கடியுண்டவன் வீட்டார்க்கு இது எவ்வளவு தொலைவான வழி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எனினும் தாம் அறிந்தவற்றைத் திரட்டி நஞ்சுடைய பாம்புகள் பற்றிய ஒரு குறிப்பை அவர் எழுதினார். அது 1787இல் சென்னையில் அச்சிடப்பட்டது.

தஞ்சாவூர் மாத்திரை

அக்காலத்தில் பாம்புக்கடிக்குக் கைகண்ட மருந்தென்று பெரும்பெயர் பெற்றிருந்தது தஞ்சாவூர் மாத்திரை. அதைச் செய்யும் முறை சில குடும்பங்களின் கமுக்கமாக இருந்தது. ஆங்கிலேயர் பலரும் அதன் ஆற்றலை நம்பினர். மாத்திரையை விழுங்கிப் பிழைத்தவர்களின் கதைகள் ஊர்தோறும் உலவின. அதன் சேர்க்கையை ஆராய்ந்தபோது வெள்ளைப் பாடாணம் எனப்படும் ஆர்சனிக் அதில் இருப்பது புலனாயிற்று.

மருந்து மெய்யாகவே நஞ்சை முறிக்கிறதா என்னும் கேள்வி ரஸ்ஸலுக்கு முன் நின்றது. எளிதாகத் தோன்றும் இக்கேள்வி உண்மையில் மிகக் கடினமானது. கடித்த பாம்பு நஞ்சற்றதாக இருந்தால், எந்த மருந்தை உண்டாலும் கடியுண்டவர் பிழைப்பார். நஞ்சுடைய பாம்பே ஆயினும், சில வேளைகளில் அது நஞ்சைச் செலுத்தாமல் வெறுமனே கடிப்பதுண்டு. சிறிதளவே செலுத்துவதும் உண்டு. அப்போதும் பிழைத்தவரைப் பார்த்து மருந்தின் வெற்றி என்றே உலகம் சொல்லும். இறந்தவரோ, மருந்து காலந்தாழ்ந்து கொடுக்கப்பட்டதால் இறந்தார் எனப்படுவார். இவ்வாறு எவ்வகையிலும் தோற்காத மருந்தை எவ்வாறு சோதிப்பது?

ரஸ்ஸல் நாய்களையும் கோழிகளையும் கொண்டு சோதனை செய்தார். பாம்பு கடித்த நேரம், நோய்க்குறி தோன்றிய நேரம், மருந்து கொடுத்த நேரம், இறந்த நேரம் அல்லது தேறிய நேரம் ஆகியவற்றைக் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தார். மருந்து கொடாமல் விடப்பட்ட உயிர்கள் என்னவாயின என்பதையும் கருத்திற்கொண்டார். இன்று இவற்றைப் படிக்கையில் அவ்வுயிர்கள் பட்ட துன்பம் நெஞ்சை உறுத்தவே செய்யும். உயிர்களைச் சோதனைக்கு உள்ளாக்குவதற்கு நெறிமுறைகள் வகுக்கப்படாத காலம் அது. மாத்திரையின் பெயருக்கேற்ற ஆற்றலை மெய்ப்பிக்கும் சான்று அச்சோதனைகளில் கிடைக்கவில்லை.

நச்சுமுறி எதையும் அவர் கண்டுபிடிக்கவில்லை என்பதைக் குறையாகச் சொல்வோர் உண்டு. மாத்திரையின் புகழ் ஓங்கியிருந்த நாளில், ஐயத்தை ஐயமென்றே எழுதிவைத்த நேர்மையை அவர்கள் மறந்துவிடுகின்றனர். பொய்ம்மருந்தில் கழியும் ஒவ்வொரு நாழிகையும் கடியுண்டவர் உயிரில் கழியும் நாழிகை அல்லவா?

இருநூலும் ஒரு பெயரும்

1789இல் ரஸ்ஸல் இந்தியாவை விட்டு நீங்கினார். 1796இல் சோழமண்டலக் கரையின் பாம்புகள் பற்றிய அவரது நூலின் முதற்பகுதி இலண்டனில் வெளிவந்தது. வண்ணந் தீட்டிய படங்களால் சிறந்த அந்நூலில் பாம்புகளுக்கு அவர் புதுப்பெயர் சூட்டவில்லை. அவற்றைப் பிடித்துத் தந்த மக்கள் வழங்கிய தெலுங்குப் பெயர்களையே எழுதினார். கண்ணாடி விரியன் அதில் காட்டுக ரேகுல பொட என்னும் பெயருடன் விளங்குகிறது. காட்டுக என்பது கண்மையைக் குறிக்கும் தெலுங்குச் சொல். கொடுமையில் நாகத்திற்கு அடுத்ததாக இப்பாம்பை அவர் கருதினார். பாம்புகளைத் தேடிப் பிடித்து உயிருடன் கொணர்ந்த அம்மனிதர்களின் பெயர்கள் மட்டும் பிற்கால நூல்களில் இடம்பெறவில்லை.

1797இல் பிரித்தானிய அருங்காட்சியகத்தின் ஜார்ஜ் ஷா இவ்விரியனுக்கு அறிவியற்பெயர் இட்டபோது ரஸ்ஸலின் பெயரையே சேர்த்தார். 1803இல் விசாகப்பட்டினத்தின் 200 மீன்களைப் பற்றிய நூலை ரஸ்ஸல் வெளியிட்டார். நாகம் படமெடுப்பது எவ்வாறு என்பதை 1804இலும் ஆராய்ந்துகொண்டிருந்தார். திருமணம் செய்துகொள்ளாமலே வாழ்ந்த அவர், 1805 ஜூலை 2ஆம் நாள் இலண்டனில் காலமானார். பாம்பு நூலின் இரண்டாம் பகுதியில் ஒரு பாதி அவர் மறைவுக்குப் பின்னரே அச்சாயிற்று.

உறையும் குருதி, உறையாக் குருதி

விரியனின் நஞ்சு உடலுக்குள் என்ன செய்கிறது என்பதை ரஸ்ஸலின் காலத்து அறிவியலால் விளக்க இயலவில்லை. அவர் காலத்தவரான இத்தாலியர் ஃபெலிச்சே ஃபொன்டானா, ஐரோப்பிய விரியனின் நஞ்சு குருதியைத் தாக்குகிறது என்று கண்டிருந்தார். ஒரு நூற்றாண்டு கழிந்தபின், இந்தியாவில் பணியாற்றிய ஜார்ஜ் லாம்ப் முதலிய மருத்துவர்கள் நாகத்தின் நஞ்சையும் கண்ணாடி விரியனின் நஞ்சையும் குருதியோடு சேர்த்து ஒப்பிட்டனர். அப்போது ஒரு புதிர் வெளிப்பட்டது. கண்ணாடிக் குழாயில் இந்நஞ்சு குருதியை நொடியில் உறையச் செய்கிறது. கடியுண்ட மனிதரிடமோ குருதி உறையாமல் ஈறிலும் சிறுநீரிலும் கசிந்து வழிகிறது.

இப்புதிரை விளக்கக் குருதியின் இயல்பை அறிய வேண்டும். குழாய்களுக்குள் குருதி தங்குதடையின்றி ஓட வேண்டும். காயம்பட்ட இடத்தில் மட்டும் உறைந்து அடைக்க வேண்டும். இவ்விரண்டையும் காப்பதற்கு உறைதற்காரணிகள் என்னும் புரதங்கள் குருதியில் உறங்கிக் கிடக்கின்றன. காயம் ஏற்பட்டவுடன் ஒன்று விழித்து அடுத்ததை எழுப்ப, அது மற்றொன்றை எழுப்ப, இறுதியில் ஃபைப்ரினோஜன் என்னும் புரதம் நூலிழைகளாக மாறி வலைபோல் பின்னிக் குருதியைக் கட்டுகிறது. கண்ணாடி விரியனின் நஞ்சோ, இத்தொடரின் நடுவே உள்ள பத்தாம் காரணியையும் ஐந்தாம் காரணியையும் நேராகவே எழுப்பிவிடுகிறது. உடலெங்கும் காரணமின்றி உறைதல் தொடங்கிக் காரணிகளும் ஃபைப்ரினோஜனும் செலவழிந்து தீர்கின்றன. அதன்பின் உண்மையான காயத்தை அடைக்க எதுவும் எஞ்சுவதில்லை. உறைய வைக்கும் நஞ்சே உறையாமைக்கும் காரணமாவது இவ்வாறுதான். சிறுநீரகங்களும் இதனால் பழுதடைகின்றன.

1934இல் இலண்டனில் ராபர்ட் மேக்ஃபார்லேன் என்னும் இளம் மருத்துவரும், விலங்குக் காட்சிசாலையின் ஊர்வனப் பொறுப்பாளர் பர்ஜஸ் பார்னெட்டும் பல பாம்புகளின் நஞ்சை ஹீமோபிலியா நோயாளரின் குருதியில் சோதித்தனர். பிறவியிலேயே எட்டாம் அல்லது ஒன்பதாம் காரணி குறைந்திருப்பதால் குருதி எளிதில் உறையாத நோய் அது. ஒரு பல்லைப் பிடுங்கினாலும் குருதி நாள்கணக்கில் நிற்காது. பத்தாயிரத்தில் ஒரு பங்காக நீர்த்த கண்ணாடி விரியன் நஞ்சு, அக்குருதியையும் சில நொடிகளில் உறையச் செய்தது. குறைந்திருந்த காரணிகளைத் தாண்டி அது பத்தாம் காரணியைத் தொட்டதே அதற்குக் காரணம். பல் பிடுங்கிய குழியில் தடவும் மருந்தாக அந்நஞ்சு விற்பனைக்கும் வந்தது. அதே மேக்ஃபார்லேன் 1964இல், உறைதற்காரணிகள் அருவிபோல் படிப்படியாக ஒன்றையொன்று தூண்டும் முறையை விளக்கிப் புகழ்பெற்றார்.

குருதி தேவையின்றி உறைந்து இதயத்தையும் மூளையையும் அடைப்பது இதற்கு மறுதலையான நோய். அதைத் தடுக்கும் உறைவெதிர் மருந்துகளுள் ஹெப்பாரின் 1916இல் கண்டறியப்பட்டது. வார்ஃபரின் பின்னர் வந்தது. அண்மைக் காலத்து மாத்திரைகளாகிய ரிவரோக்சபான், அபிக்சபான் ஆகியன நேராகப் பத்தாம் காரணியின் செயலையே தடுக்கின்றன. நஞ்சு எழுப்பும் அதே காரணியை மருந்து அடக்குகிறது. குருதிக்கட்டிகள் மீண்டும் மீண்டும் தோன்றுவதற்கும் கருச்சிதைவுக்கும் காரணமாகும் ஒருவகை எதிர்ப்புரதத்தைக் கண்டறிய, நீர்த்த விரியன் நஞ்சைப் பயன்படுத்தும் சோதனையை 1986இல் மூவர் வெளியிட்டனர். அம்மூவருள் முதலாவது பெயர் பெருமாள் தியாகராஜன் என்பது தமிழர்க்கு மகிழ்ச்சி தருவது. உலகெங்கும் உள்ள ஆய்வகங்களில் ரஸ்ஸலின் பெயரைத் தாங்கிய அச்சோதனை இன்றும் நடைபெறுகிறது.

உறைதலே தொல்லையின் தொடக்கம் என்றால் ஹெப்பாரினைக் கொடுத்து விரியன் கடியைத் தீர்க்கலாமே என்று சிலர் எண்ணினர். கொடுத்தும் பார்த்தனர், பயன் விளையவில்லை. நஞ்சைத் தடுப்பது நச்சுமுறி ஒன்றே. அதற்கு வேண்டிய நஞ்சை, 1978இல் தொடங்கப்பெற்ற இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர் மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் எடுத்துத் தருகின்றனர். அந்நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் குருதியிலிருந்து நச்சுமுறியை உருவாக்குகின்றனர்.

கடியுண்டவர் உடலில் நஞ்சு ஏறியதா, கொடுத்த மருந்து வேலை செய்ததா என்னும் ரஸ்ஸலின் பழைய கேள்விக்கு, விரியன் கடியைப் பொறுத்தமட்டில் இப்போது ஒரு சிறு கண்ணாடிக் குழாய் விடை தருகிறது. மதுரை அரசு இராசாசி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைகளில் மட்டுமன்றி, சிற்றூரின் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இதைச் செய்யலாம். நோயாளியின் சிரையிலிருந்து 2 மில்லிலிட்டர் குருதியை எடுத்து, புதிய, தூய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் இட்டு, அசைக்காமல் 20 நிமிடம் வைக்க வேண்டும். பிறகு ஒருமுறை சாய்த்துப் பார்க்க வேண்டும். குருதி உறைந்து நின்றால் அப்போதைக்கு அச்சமில்லை. எனினும் நோயாளியைக் கண்காணித்து மீண்டும் சோதிப்பர். நீர்போல் ஓடினால் நஞ்சு ஏறியுள்ளது, நச்சுமுறி தேவை. குழாய் கண்ணாடியாலானதாகவே இருக்க வேண்டும். கண்ணாடியின் பரப்பே உறைதலைத் தூண்டுவதால், நெகிழிக் குழாய் தவறான விடையைத் தரும். நச்சுமுறி கொடுத்த 6 மணி நேரத்திற்குப் பின் அதே சோதனையை மறுபடி செய்வர். செலவழிந்த காரணிகளைக் கல்லீரல் மீண்டும் ஆக்கித் தருவதற்கு அவ்வளவு நேரமாவது வேண்டும். அப்போதும் குருதி உறையாவிடில் நச்சுமுறியை மீண்டும் கொடுப்பர்.